ஐந்து நாடுகளின் அரசமைப்பைப் படித்துவிட்டேன், ஆனால் ஒப்பிடத் தெரியவில்லை

தெப்பக்குளம் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் முதுகலை அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒப்பீட்டு அரசியல் தாளுக்காகப் பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, சீனா என்று ஐந்து நாடுகளைப் படித்து முடித்திருக்கிறேன். ஒவ்வொரு நாட்டுக்கும் தனி நோட்டு. அமெரிக்க செனட்டில் எத்தனை உறுப்பினர்கள், பிரான்ஸ் அதிபரின் பதவிக்காலம் எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

போன வாரம் வகுப்பில் சுவிட்சர்லாந்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். முடித்ததும் பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சுவிட்சர்லாந்தில் ஏழு பேர் குழுவாக ஆட்சி நடத்துகிறார்கள், ஆண்டுக்கு ஒருவர் தலைவர். உருகுவே நாட்டிலும் 1952இல் இப்படி ஒன்பது பேர் குழுவை வைத்தார்கள். 1967இல் கைவிட்டுத் தனி அதிபருக்கே திரும்பிவிட்டார்கள். சுவிட்சர்லாந்தில் நிலைத்தது உருகுவேயில் ஏன் நிலைக்கவில்லை?"

எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது அழுகையே வந்துவிட்டது. பதில் தெரியாததற்காக அல்ல. இரண்டு ஆண்டு படித்தும் அந்தக் கேள்வி ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லையே என்பதற்காக. நாடுகளை எப்படி ஒப்பிடுவது? யாராவது வழி சொல்லுங்கள்.

வைகைக்கரை ஆசிரியர்:

அம்மா, இந்தப் பாடத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். குறை உங்களிடம் இல்லை, படித்த வரிசையில் இருக்கிறது. நாடு நாடாகப் படித்தால் ஐந்து நாட்டுக் குடிமையியல்தான் கைக்கு வரும். ஒப்பிடுவதற்குக் கேள்வி முதலில் வர வேண்டும். எந்த நாட்டைப் படிப்பது என்பதை அந்தக் கேள்விதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அரிஸ்டாட்டிலும் அவருடைய மாணவர்களும் 158 அரசமைப்புகளைத் திரட்டினார்கள் என்று படித்திருப்பீர்கள். அவற்றில் ஏதென்ஸைப் பற்றியது மட்டுமே ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்திருக்கிறது. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களிலிருந்து 1891இல் அச்சேறியது. அவ்வளவையும் அவர் திரட்டியது பட்டியல் போடுவதற்காக அல்ல. ஒரு ஆட்சி எதனால் நிலைக்கிறது, எதனால் கவிழ்கிறது என்ற கேள்வி அவரை அரித்துக்கொண்டிருந்தது.

நம் ஊரிலிருந்தே ஒரு கேள்வி எடுத்துத் தருகிறேன். மதுரை மேயரை 1996இலும் 2001இலும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் மறுபடியும் மக்கள், 2022இல் மறுபடியும் கவுன்சிலர்கள். ஊர் மாறவில்லை, வைகை மாறவில்லை, குடிநீர்த் தட்டுப்பாடும் மாறவில்லை. விதி மட்டும் மாறி மாறி வந்திருக்கிறது. தலைவரை மக்கள் தேர்ந்தெடுப்பதற்கும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதற்கும் என்ன வேறுபாடு விளைகிறது? இப்போது உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது.

இந்தக் கேள்வியோடு உலகத்தைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது இஸ்ரேல். அங்கே பிரதமரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்து 1996, 1999, 2001 ஆகிய மூன்று தேர்தல்களில் நடத்திப் பார்த்தார்கள். பிரதமர் வலுவாக இருப்பார், சிறு கட்சிகளின் பிடி தளரும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. வாக்காளர் கையில் இரண்டு சீட்டு வந்துவிட்டது. பிரதமருக்குப் பெரிய கட்சி ஆளுக்கு ஒன்று, நாடாளுமன்றத்துக்குத் தங்கள் சமூகத்துக்கோ கொள்கைக்கோ நெருக்கமான சிறு கட்சிக்கு ஒன்று என்று பிரித்துப் போட்டார்கள். 1992இல் இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து 120இல் 76 இடங்கள் வைத்திருந்தன. 1999இல் அது 45ஆகச் சுருங்கியது. 2001இல் அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள்.

நேரடித் தேர்தல் தலைவரை வலுப்படுத்தும் என்று நம் ஊர்த் தேநீர்க் கடையிலும் சொல்வார்கள். பின்னால் மன்றம் சிதறிக் கிடந்தால் அந்த வலுவை எங்கே ஊன்றுவது?

மீனாட்சிபுரத்தான்:

ஐயா, கிரேக்கம், இஸ்ரேல் என்று ஏன் போக வேண்டும்? உத்திரமேரூர்க் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை முறையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாம் தேர்தல் நடத்தியிருக்கிறோம். உலகத்துக்கு ஜனநாயகம் சொல்லிக்கொடுத்தது தமிழன்தான்.

வைகைக்கரை ஆசிரியர்:

உங்கள் பெருமிதம் எனக்கும் உண்டு. அந்தக் கோயில் சுவரின் முன் நின்று எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். ஆனால் முழுவதும் படிக்க வேண்டும்.

பராந்தகச் சோழன் காலத்தில், 921ஆம் ஆண்டில் பொறித்தது. உறுப்பினராகக் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை என்ற விதி இன்றைக்கும் மெய்சிலிர்க்க வைக்கிறது. அதே கல்வெட்டில் ஊரின் பெரும்பாலான மக்களுக்குக் குடத்தில் ஓலையே கிடையாது. ஏதென்ஸிலும் ஐந்நூற்றுவர் அவைக்குச் சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுத்தார்கள். அங்கேயும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் சீட்டு இல்லை.

இரண்டையும் அருகருகே வைத்தால் யார் முந்தி என்பதைவிட நல்ல கேள்வி கிடைக்கிறது. சமமானவர்கள் என்று தங்களைக் கருதிக்கொள்கிற ஒரு சிறு கூட்டம் ஏன் குலுக்கலை விரும்புகிறது? அந்தக் கூட்டத்துக்கு வாசல் எங்கே?

மலைநாட்டுப் பேத்தி:

வாசல் எங்கே என்று ஐயா கேட்டதால் எழுதுகிறேன். இதுவரை இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன்.

என் தாத்தாவின் தகப்பனார் இந்த மதுரைப் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். இலங்கையில் 1931இலேயே ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. இந்தியாவில் அது வர இன்னும் இருபது ஆண்டு ஆயிற்று. எந்தப் பாடநூலைத் திறந்தாலும் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். தாத்தா 1947 தேர்தலில் வாக்களித்தார். வரிசையில் நின்றதையும் அன்றைக்குத் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு போனதையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் எங்களைப் போன்ற தோட்டத் தமிழர்களைக் குடிமக்கள் அல்ல என்று ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. நாடாளுமன்றம் அதே நாடாளுமன்றம், அமைச்சரவை அதே அமைச்சரவை. லண்டன் மாதிரியில் செய்த அமைப்பு ஒரு திருகுகூடக் கழலாமல் ஓடிக்கொண்டிருந்தது. தாத்தாவும் அவரைப் போன்ற தோட்டத் தொழிலாளர்களும் மட்டும் அதற்கு வெளியே நின்றார்கள்.

1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதமிருந்த 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். தாத்தா முதல் கணக்கில் வந்தார். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கினார். தகரப் பெட்டி ஒன்று, பாட்டியின் அம்மிக்குழவி ஒன்று. அம்மியைத் தூக்க முடியவில்லை, குழவியை மட்டும் கொண்டுவந்தார்கள். அது இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

தங்கையிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்த நாட்டு நோட்டை எடுத்தாலும் முதல் பக்கத்தில் அந்த ஆண்டில் அங்கே யாருக்கு வாக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்று எழுதுங்கள். சுவிட்சர்லாந்து நோட்டில் எழுதியிருக்கிறீர்களா? கூட்டாட்சித் தேர்தலில் பெண்களுக்கு அங்கே வாக்கு கிடைத்தது 1971இல்தான்.

தெப்பக்குளம் மாணவி:

அக்கா, இல்லை. எழுதவில்லை. இப்போதுதான் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நேரடி ஜனநாயகத்தின் தாயகம் என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

உசிலம்பட்டியான்:

விதியைப் படிப்பது முக்கியம்தான். நாங்கள் விதி படுத்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள்.

1992இல் ஊராட்சிகளுக்கான அரசமைப்பின் 73ஆவது திருத்தம், 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996இல் தேர்தல். தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம், ஒரே தேர்தல் ஆணையம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கிலும் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு என்று ஒதுக்கியதும் பத்து ஆண்டு ஊராட்சியே நடக்கவில்லை. வேட்புமனு போட ஆள் வராது. வந்தாலும் வென்றவர் உடனே பதவி விலகிவிடுவார். அதிகாரிகள் அறிவிப்பு ஒட்டுவார்கள், பெட்டி கொண்டுவருவார்கள், திரும்பிப் போவார்கள். சட்டப்படி எல்லாம் நடந்தது, தலைவர் மட்டும் இல்லை.

2006 அக்டோபரில் நான்கு ஊரிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த உதயசந்திரன் ஊர் ஊராக வந்து பேசினார். ஒதுக்கீடு புதிதாக வரவில்லை. ஊரில் சாதியும் ஒழிந்துவிடவில்லை. அப்படியானால் எது மாறியது? தங்கை உருகுவேக்குப் போவதற்கு முன் இந்தக் கேள்விக்கு நானூறு வார்த்தையில் பதில் எழுதிப் பார்க்கட்டும்.

இத்தாலியில் 1970இல் நாடு முழுவதும் ஒரே மாதிரி மண்டல அரசுகளை அமைத்தார்கள். ராபர்ட் புட்னம் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய துணைவர்களும் இருபது ஆண்டு அதைப் பின்தொடர்ந்தார்கள். வடக்கில் ஓடியது, தெற்கில் நொண்டியது. மக்கள் ஒருவரோடு ஒருவர் கூடிச் செயல்படும் பழக்கம் பல நூற்றாண்டுகளாக வேறுபட்டிருந்ததுதான் காரணம் என்றார் அவர். எங்கள் ஊரைப் பார்த்தவனுக்கு இதில் பாதிதான் ஒப்பும். எங்கள் பக்கத்தில் கூடிச் செயல்படும் பழக்கத்துக்குப் பஞ்சமில்லை. கூட்டம் போட்டு, ஒரே குரலில், ஒருவரும் மனுப் போடக் கூடாது என்று முடிவெடுக்கும் அளவுக்கு ஒற்றுமை இருந்தது. ஒற்றுமை யாருக்கு எதிராக என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

உயர்நீதிமன்றக் கிளை வழக்கறிஞர்:

அண்ணன் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் மண்தான் எல்லாம், விதி வெறும் காகிதம் என்ற இடத்துக்கு இந்த இழை போய்விடக் கூடாது. அந்த ஒதுக்கீட்டு விதி இல்லையென்றால் பாப்பாபட்டியில் தடுக்க எதுவுமே இருந்திருக்காது. யாரும் எதிர்க்காமலே பழைய ஆட்கள் பதவியில் உட்கார்ந்திருப்பார்கள். பத்து ஆண்டு இழுபறி நடந்ததே விதிக்கு இருக்கும் வலுவால்தான்.

ஒரு விதி எவ்வளவு செய்யும் என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஜெர்மனி. ஹிட்லருக்கு முன்பு அங்கே இருந்த வைமர் குடியரசில், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத கட்சிகள்கூடக் கைகோத்து அரசைக் கவிழ்க்க முடிந்தது. வேறொரு அரசு அமைக்க அவர்களால் முடியவில்லை. அந்தப் பாடத்தால் 1949இல் எழுதிய அடிப்படைச் சட்டம் என்ற அரசமைப்பின் 67ஆவது பிரிவில், அடுத்த அரசுத் தலைவரை, அதாவது சான்சலரை, நாடாளுமன்றம் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தால் மட்டுமே இருக்கும் சான்சலரை நீக்கலாம் என்று வைத்தார்கள். இதுவரை இரண்டே முறை முயன்றிருக்கிறார்கள். 1972இல் சான்சலர் வில்லி பிராண்டுக்கு எதிராகத் தோற்றது, 1982இல் ஹெல்முட் ஷ்மிட்டை நீக்கி ஹெல்முட் கோல் என்பவரைக் கொண்டுவந்தது. ஸ்பெயினிலும் இந்த விதி இருக்கிறது. 2018இல் பிரதமர் ரஹோய் போய் சான்செஸ் வந்தது அதன்படிதான்.

இனி 1999 ஏப்ரல் 17ஐ நினைத்துப் பாருங்கள். அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டது, வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் விழுந்தது. கவிழ்த்தவர்களால் மாற்று அரசு அமைக்க முடியவில்லை. நாடே மறுபடியும் தேர்தலுக்குப் போனது. ஜெர்மன் விதி நம்மிடம் இருந்திருந்தால் அன்றைக்கு அரசு விழுந்திருக்காது.

வைகைக்கரை ஆசிரியர்:

தம்பி, கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஜெர்மனியில் ஐந்து சதவீத வாக்கு வாங்காத கட்சி பெரும்பாலும் உள்ளேயே வர முடியாது. அதனால் பல பத்தாண்டுகள் மூன்று நான்கு அணிகளே மன்றத்தில் இருந்தன. அரசுகள் நிலைத்தது 67ஆவது பிரிவாலா, கட்சிகள் குறைவாக இருந்ததாலா? இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும்போது ஒன்றுக்கு மட்டும் பட்டா எழுதிவிட முடியாது. நாடுகள் சிலவே, காரணங்களோ பல. இந்தப் பாடத்தின் தீராத தலைவலி இதுதான்.

உயர்நீதிமன்றக் கிளை வழக்கறிஞர்:

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. விழுந்திருக்காது என்று சொல்லலாம். அதன்பிறகு நிம்மதியாக ஆண்டிருக்கும் என்று சொல்ல முடியாது. பெரும்பான்மை இல்லாமல் ஒரு மசோதாவையும் நிறைவேற்ற முடியாமல் நாற்காலியில் மட்டும் இருந்திருக்கலாம்.

மேலூர் செயலர்:

நான் பெரிய படிப்புப் படிக்கவில்லை. மேலூர்ப் பக்கம் ஊராட்சிச் செயலராக வேலை பார்த்தவன். மேலவளவில் தலைவராகப் பொறுப்பேற்ற முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று ஓடும் பஸ்ஸை மறித்துக் கொன்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் ஒதுக்கீட்டு ஊராட்சி என்றால் என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த அளவுக்குப் போகாமல், அடிதடி இல்லாமல், ஒரு தலைவரை எப்படி முடக்குவது என்பதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் சட்டப்படி ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவரை ஊர் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு ஊரில் தலைவர் ஒதுக்கீட்டில் வந்த பெண். துணைத் தலைவர் ஊரின் பெரிய குடும்பம். தெருவிளக்குக்குக் குழல்விளக்கும் குடிநீர் மோட்டாருக்குக் காயில் கட்டியதும் சேர்த்து ஒரு சின்ன பில். அந்த அம்மா கையெழுத்துப் போட்ட செக்கைப் பையில் வைத்துக்கொண்டு கண்மாய்க் கரை வழியாக அவர் வீட்டுக்குப் போவேன். சாப்பிடுகிறார் என்பார்கள். மறுநாள் போனால் மதுரைக்குப் போயிருக்கிறார் என்பார்கள். மறுப்பு என்ற வார்த்தையே வராது. பதினேழு நாள் அந்தச் செக் என் பையில் இருந்தது. அந்த அம்மா குடியிருந்த தெருவில் பதினேழு நாளும் தண்ணீர் இல்லை.

வேறு ஊரில் இதே இரட்டைக் கையெழுத்து நல்லதும் செய்திருக்கிறது. தலைவர் போலி பில் போட்டபோது துணைத் தலைவர் மறுத்து நிறுத்தினார். ஒரே விதிதான். இப்படி ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி வைக்கிற ஏற்பாடு வெளிநாடுகளில் இருக்கிறதா? இருந்தால் அங்கே என்ன செய்கிறார்கள்?

வைகைக்கரை ஆசிரியர்:

ஐயா, இந்த இழையிலேயே மிக நல்ல ஒப்பீட்டுக் கேள்வி உங்களுடையதுதான். என் வகுப்பில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

இருக்கிறது. பிரான்ஸில் அதிபரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரதமர் நாடாளுமன்றத்தின் நம்பிக்கையில் நிற்கிறார். இருவரும் எதிரெதிர் முகாமாக அமைந்தால் இரண்டு சாவிதான். 1986–88, 1993–95, 1997–2002 என்று மூன்று முறை அப்படி நடந்தது. உரசல் உண்டு, 1986இல் அதிபர் மித்தரான், எதிர்முகாம் பிரதமரின் அரசு கொண்டுவந்த அவசரச் சட்டங்களில் கையெழுத்துப் போட மறுத்ததும் உண்டு. ஆனால் உள்நாட்டு நிர்வாகத்தைப் பெரும்பாலும் பிரதமர் நடத்தினார், ஆட்சி நிற்கவில்லை. 2000இல் கருத்து வாக்கெடுப்பு நடத்தி அதிபர் பதவிக்காலத்தை ஏழிலிருந்து ஐந்தாக்கினார்கள். 2002இலிருந்து 2017 வரை இரண்டு தேர்தலும் ஒரே ஆண்டில் அடுத்தடுத்து வந்ததால் இரண்டு சாவியும் ஒரே முகாமிடம் சேர்வது இயல்பாக இருந்தது.

இலங்கையின் 1978 அரசமைப்பும் பிரான்ஸைப் பார்த்து எழுதியதுதான். 2001இல் சந்திரிகா அதிபர், ரணில் பிரதமர், வேறு வேறு கட்சி. 2003 நவம்பரில் ரணில் அமெரிக்காவில் இருந்தபோது பாதுகாப்பு உள்ளிட்ட மூன்று அமைச்சகங்களை அதிபர் தன் கையில் எடுத்துக்கொண்டார். சில மாதங்களில் நாடாளுமன்றத்தையும் கலைத்துவிட்டார். புலிகளோடு அமைதிப் பேச்சு யாருடையது என்பதில்தான் இருவரும் மோதினார்கள். பாரிஸில் இரு முகாமும் சண்டையிட்டது வரியைப் பற்றியும் தனியார்மயத்தைப் பற்றியும். கொழும்பில் போரும் அமைதியும். உங்கள் ஊரில் யார் யாருக்கு முன்னால் நாற்காலியில் உட்காருவது என்பது. பூட்டு ஒன்றாக இருந்தாலும் பெட்டிக்குள் இருப்பது வேறு.

உசிலம்பட்டியான்:

பெட்டிக்குள் இருப்பது வேறு. இதைத்தான் நான் சொல்ல வந்தேன், எனக்குச் சொல் கிடைக்கவில்லை. வழக்கறிஞர் தம்பியோடு எனக்கு இருந்த வழக்கும் இதோடு பாதி தீர்ந்தது.

தெப்பக்குளம் மாணவி:

மூன்று நாளாக உருகுவேயை மறுபடியும் படித்தேன். பார்த்ததை எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

இரண்டும் சிறிய நாடுகள். இரண்டிலும் குழு ஆட்சி, ஆண்டுக்கொரு தலைவர். சுவிட்சர்லாந்தில் அந்த ஏழு பேரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது. 1959இலிருந்து பெரிய கட்சிகள் நான்கும் 2, 2, 2, 1 என்று இடங்களைப் பகிர்ந்துகொண்டன. பல முடிவுகள் மண்டலங்களிலேயே நடந்துவிடுவதால் நடுவில் இருக்கும் குழுவின் தலையில் எல்லாப் பாரமும் விழுவதில்லை. உருகுவேயில் ஒன்பது பேரையும் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். வென்ற கட்சிக்கு ஆறு, அடுத்த கட்சிக்கு மூன்று. தலைமை வென்ற கட்சிக்குள்ளேயே சுழன்றது. ஆகவே அந்த மூவர் பார்க்கலாம், பேசலாம், முடிவைத் தடுக்க முடியாது. ஆறு பேரும் ஒரே கட்சியின் போட்டிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். அதோடு கம்பளி, இறைச்சி ஏற்றுமதி சரிந்து விலைவாசி ஏறிய காலம் அது. அதிகாரத்தைப் பகிர்வது என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும், ஒன்று கட்சிகளுக்கு இடையே பகிர்ந்தது, மற்றது ஒரு கட்சிக்குள்ளே பகிர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பொருளாதாரச் சரிவு இல்லாதிருந்தால் அந்தக் குழு நீடித்திருக்குமா என்பதை இந்த இரண்டு நாட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதையும் அப்படியே பேராசிரியரிடம் சொல்லப்போகிறேன்.

என் ஆய்வேட்டுத் தலைப்பையும் மாற்றிக்கொண்டேன். செயலர் ஐயா கேட்ட கேள்விதான். மேலூர் வட்டாரத்தில் ஒதுக்கீட்டு ஊராட்சிகள் சிலவும் பொது ஊராட்சிகள் சிலவும் எடுத்து, இரட்டைக் கையெழுத்து எங்கே தடையாகிறது, எங்கே காவலாகிறது என்று பார்க்கலாம் என்றிருக்கிறேன். முதல் இயலில் பிரான்ஸும் இலங்கையும் வரும். செயலர் ஐயா, எதிலிருந்து தொடங்குவது? தலைவர்களைப் போய்க் கேட்டால் உண்மை சொல்வார்களா?

மேலூர் செயலர்:

கேட்டால் இருவரும் ஒற்றுமையாக இருக்கிறோம் என்றுதான் சொல்வார்கள் அம்மா, பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். முதலில் தீர்மானப் புத்தகத்தையும் ரொக்கப் புத்தகத்தையும் கேளுங்கள். செலவுக்குத் தீர்மானம் போட்ட தேதி ஒன்றில் இருக்கும், பணம் எடுத்த தேதி மற்றதில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று ஒவ்வொரு செலவுக்கும் எண்ணி எழுதுங்கள். இப்போது செக்குக்குப் பதில் கணினியில் மின்கையெழுத்து வந்துவிட்டது, ஆனாலும் தேதி பதிவாகத்தான் செய்யும். பிறகு அந்தச் செலவு எந்தத் தெருவுக்கு என்று பாருங்கள்.

அக்டோபர் 2 கிராமசபைக்கு வாருங்கள். காலையிலேயே வந்துவிட வேண்டும், தீர்மானம் வாசிப்பது சீக்கிரம் முடிந்துவிடும். மேலூர் பஸ் நிலையத்தில் இறங்கிச் சொல்லுங்கள், நான் வந்து அழைத்துப் போகிறேன்.